குடலும் வலிப்பு நோயும்: ஒரு பழைய சந்தேகத்தின் வரலாறு

வலிப்பு மூளையில் எழும் நோய். மூளை நரம்பணுக்களில் திடீரென்று கட்டுமீறி எழும் மின்கிளர்ச்சியே கை கால் வெட்டி இழுப்பதாகவும், நினைவு தவறுவதாகவும், சில நொடி நேரம் வெறித்த பார்வையாகவும் வெளியில் தெரிகிறது. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. இந்தியாவில் மட்டும் 1 கோடிப் பேர் இருக்கலாம் என்பது மதிப்பீடு. மூளையின் நோயாக இருந்தும், இதன் வேர் வயிற்றில் இருக்கிறது என்ற சந்தேகம் மருத்துவர்களை விட்டு ஒருபோதும் நீங்கியதில்லை. அந்தச் சந்தேகம் ஒரு முறை பெரும் பிழையில் முடிந்தது. இன்னொரு முறை, தமிழகத்திலேயே, யாரும் எதிர்பாராத வழியில் உண்மையாயிற்று. இப்போது குடல் பாக்டீரியாக்களின் பெயரால் அது மீண்டும் எழுந்திருக்கிறது.

மலைச்சரிவில் வலிப்பு

தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேற்கே, கொட்டகுடி ஆற்றை ஒட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் உள்ள சிற்றூர் குரங்கணி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடம் வழியாகக் கொட்டகுடிப் பக்கம் இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்குப் போனது. சமவெளியிலிருந்து தோட்ட வேலைக்குச் சென்றவர்கள் இந்தச் சரிவுகளில்தான் ஏறினார்கள். இன்றும் போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் விடியற்காலையில் ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்புகின்றன.

இத்தகைய இடத்தில் வலிப்பு என்பது நோயை விடப் பெரிய ஆபத்து. சமவெளியில் வீட்டுத் திண்ணையில் வந்தால் சில நிமிடங்களில் கடந்துபோகும் வலிப்பு, ஓடையைக் கடக்கும்போதோ, விறகடுப்பின் முன்னோ, செங்குத்தான ஒற்றையடிப் பாதையிலோ வந்தால் உயிரைப் பறிக்கும். சாலை இல்லாத குடியிருப்புகளிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கி வருவது போடி மலைப்பகுதிக்குப் பழகிய காட்சி. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக்காரர்களைக் கீழே கொண்டுவர உள்ளூர் மக்களும் மீட்புப் படையினரும் பட்ட பாட்டை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

தூரம் ஒரு தடை என்றால் பேச்சு இன்னொரு தடை. 'காக்காய் வலிப்பு' என்ற பெயருக்கும் காக்கைக்கும் தொடர்பில்லை. கால்-கை வலிப்பு என்பதே பேச்சில் அப்படி மருவியது என்பர். கையில் சாவியையோ அரிவாளையோ திணித்தால் வலிப்பு நிற்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. எதைத் திணித்தாலும் திணிக்காவிட்டாலும் பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே நிற்கின்றன; பெயர் இரும்புக்குப் போகிறது. சட்டமும் வெகுகாலம் இந்நோயாளிகளுக்கு எதிராகவே இருந்தது. இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தகுதிக்குறைவாக எழுதப்பட்டிருந்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அந்தச் சொல் நீக்கப்பட்டது.

வயிற்றைச் சந்தேகித்தவர்கள்

ஹிப்போக்ரட்டீஸின் பெயரில் வழங்கும் கிரேக்க நூல், வலிப்பு தெய்வக் குற்றமன்று, மூளையின் நோய் என்று 2,400 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. பின்னர் வந்த காலென் அதை ஏற்றுக்கொண்டு ஒரு திருத்தமும் செய்தார். சில வலிப்புகள் மூளையிலேயே தோன்றுகின்றன. சில வயிற்றின் மேல்வாயில் தோன்றி மூளையைத் தாக்குகின்றன என்றார். ஐரோப்பிய மருத்துவம் இந்தப் பாகுபாட்டை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் சுமந்தது.

இங்கும் எண்ணம் வெகுதூரம் விலகி நிற்கவில்லை. சித்த மருத்துவம் வலிப்பை வாத நோய்களோடு சேர்த்துப் பேசுகிறது. வாதத்தின் இருப்பிடம் தொப்புளுக்குக் கீழே. அதைத் தணிக்க முதலில் கொடுப்பது பேதி மருந்து. ஆயுர்வேதத்தின் சரக சம்ஹிதையும் அபஸ்மாரத்துக்கு வாந்தி, பேதி, பீச்சு ஆகியவற்றையே முதற்சிகிச்சையாக வைக்கிறது. வயிறு சுத்தமானால் தலை தெளியும் என்பது இந்த முறைகளுக்கெல்லாம் பொதுவான கருத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நுண்ணுயிரியல் வந்ததும் பழைய சந்தேகத்துக்குப் புதிய உடை கிடைத்தது. காசநோய்க்கும் காலராவுக்கும் கிருமி கண்டுபிடித்தாயிற்று. வலிப்புக்கும் ஒன்று இருக்கத்தானே வேண்டும்? 1902இல் பிரான்சில் பிரா என்பவர் வலிப்பு நோயாளிகளின் இரத்தத்தில் ஒரு கிருமியைக் கண்டதாக அறிவித்தார். 1916இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகர அறுவை மருத்துவர் சார்லஸ் ரீட் அதைவிட உறுதியாகப் பேசினார். மலச்சிக்கலால் தேங்கிய பெருங்குடலில் வளரும் 'பாசிலஸ் எபிலெப்டிக்கஸ்' என்ற பாக்டீரியாவே வலிப்புக்குக் காரணம் என்றார். ரீட் தெருவோர வைத்தியர் அல்லர். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் தலைவராக இருந்தவர். ஆகவே அவர் சொல்லுக்கு எடை இருந்தது. லண்டனில் ஆர்பத்னாட் லேன் மலத்தேக்கமே பல நோய்களுக்குத் தாய் என்று சொல்லிப் பெருங்குடல்களை வெட்டி எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ரீடும் வலிப்பு நோயாளிகளின் குடலில் கத்தி வைத்தார். மற்ற ஆய்வகங்கள் தேடியபோது அந்தக் கிருமி நோய்க்காரணமாக உறுதிப்படவில்லை. பெயர் மட்டும் பழைய இதழ்களில் மிஞ்சியது. குடலை இழந்தவர்களுக்கு அது திரும்பக் கிடைக்கப் போவதில்லை.

பட்டினியும் நெய்யும்

பிழையான காரணம் சில நேரம் சரியான மருந்துக்கு வழிவிடும். மிச்சிகனில் ஹியூ காங்க்லின் என்ற எலும்புமுறை வைத்தியர், சிறுகுடலின் பேயர் திட்டுகளிலிருந்து கசியும் நஞ்சுதான் வலிப்பை உண்டாக்குகிறது என்று நம்பினார். குடலுக்கு ஓய்வு கொடுத்தால் நஞ்சு நின்றுவிடும் என்று நோயாளிகளை இருபது நாளுக்கு மேலும் தண்ணீர் மட்டும் கொடுத்துப் பட்டினி போட்டார். நஞ்சுக் கதை பொய். ஆனால் பல குழந்தைகளுக்கு வலிப்பு உண்மையிலேயே குறைந்தது. நியூயார்க் மருத்துவர் கெய்லின் 1921இல் அமெரிக்க மருத்துவச் சங்கக் கூட்டத்தில் பட்டினிச் சிகிச்சையின் பயனை எடுத்துரைத்தபோது மருத்துவ உலகம் கவனித்தது.

குழந்தையை மாதக்கணக்கில் பட்டினி போட முடியாது. அதே ஆண்டு மேயோ மருத்துவமனையின் ரஸல் வைல்டர் ஒரு மாற்றுவழி சொன்னார். பட்டினி கிடக்கும் உடல் கொழுப்பை எரிக்கிறது. கல்லீரல் அதிலிருந்து கீட்டோன்களை உண்டாக்குகிறது. சாப்பாட்டிலேயே கொழுப்பை மிகுத்து மாவுச்சத்தைக் குறைத்தால் பட்டினியின் அதே நிலை உடலுக்கு வரும் அல்லவா? இதுவே கீட்டோஜெனிக் உணவு. அதன் கண்டிப்பான வடிவத்தில் 4 பங்கு கொழுப்புக்கு 1 பங்குதான் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து இருக்கும். 1938இல் ஃபெனிடோயின் வந்ததும் மாத்திரை எளிது, உணவுக் கணக்கு கடினம் என்று உலகம் இதை ஏறக்குறைய மறந்தது. 1990களில்தான் இது மீண்டும் பேச்சுக்கு வந்தது. 2008இல் லண்டனில் 145 குழந்தைகளைக் கொண்டு நடந்த சோதனையில், உணவுமுறையில் இருந்தவர்களில் 38 விழுக்காட்டினருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. வழக்கமான உணவில் இருந்தவர்களில் அப்படிக் குறைந்தது 6 விழுக்காடு.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு நம்முடைய சமையலறைக்கு இன்னும் நெருக்கமானது. 102 குழந்தைகளில் ஒரு பாதிக்குச் சற்றே தளர்ந்த வடிவமான மாற்றியமைத்த அட்கின்ஸ் உணவைக் கொடுத்தனர். 3 மாதத்தில் அவர்களில் 52 விழுக்காட்டினருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது, மற்றவர்களில் 11.5 விழுக்காடு. நாளொன்றுக்கு அனுமதிக்கப்பட்ட மாவுச்சத்து 10 கிராம். ஓர் இட்லியிலேயே ஏறத்தாழ அவ்வளவு வந்துவிடும். மூன்று வேளையும் சோறு உண்ணும் வீட்டில், மற்றப் பிள்ளைகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு குழந்தைக்கு மட்டும் வெண்ணெயும் முட்டையும் தேங்காய் எண்ணெயும் கொடுப்பது தாய்க்கு எவ்வளவு கடினம் என்பதை எந்த விழுக்காடும் சொல்லாது. மருத்துவர், உணவியலாளர் கண்காணிப்பின்றி இதைத் தொடங்கவும் கூடாது.

சென்னையில் இறந்த கூலி

அமெரிக்காவில் குடலில் கிருமி தேடுவதற்கு முன்பே, குடலிலிருந்து மூளைக்குப் போகும் உண்மையான வழி ஒன்று சென்னையில் கண்ணில் பட்டிருந்தது. 1888இல், வலிப்பு கண்டு சென்னையில் இறந்த ஒரு கூலித் தொழிலாளியைப் பற்றி ஆம்ஸ்டிராங் என்ற மருத்துவர் பதிவு செய்தார். அவருக்கு இருந்தது பன்றி நாடாப்புழுவின் இளம்புழுக் கட்டி. மூளையில் இக்கட்டி ஏற்படும் நோய்க்கு நியூரோசிஸ்டிசெர்கோசிஸ் என்று பெயர். இந்தியாவில் இதன் முதல் பதிவாகக் கருதப்படுவது இதுவே. 1912இல் கிருஷ்ணசாமி என்பவர், தசைவலியும் தோலடிக் கட்டிகளும் இருந்தவர்களின் பிரேதப் பரிசோதனையில் தசை, இதயம், மூளை எங்கும் இந்தக் கட்டிகளைக் கண்டு எழுதினார்.

இவை கவனம் பெறவில்லை. கவனம் வந்தது வெள்ளைச் சிப்பாய்களுக்கு நோய் வந்தபோது. இந்தியாவில் பணியாற்றி ஊர் திரும்பிய பிரிட்டிஷ் இராணுவத்தினர் பலருக்குப் பல ஆண்டுகள் கழித்து வலிப்பு வந்ததை 1930களில் மக்ஆர்தர் என்ற இராணுவ மருத்துவர் துலக்கினார். 1961இல் டிக்சன், லிப்ஸ்கோம் இருவரும் அத்தகைய 450 பேரின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டனர். சிப்பாய்க்கு இந்த நோய் எங்கே ஒட்டியதோ அங்கேயே பிறந்து வாழ்ந்தவர்களை அந்த அளவில் எண்ணிப் பார்க்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

புழுவின் வழி சற்றுச் சிக்கலானது. பலர் தவறாகப் புரிந்துகொள்வதும் இங்கேதான். சரியாக வேகாத, கட்டி உள்ள பன்றி இறைச்சியைத் தின்றவரின் குடலில் நாடாப்புழு சில மீட்டர் நீளம் வளர்கிறது. அவருக்குப் பெரும்பாலும் பெரிய தொல்லை ஒன்றும் இருப்பதில்லை. அவருடைய மலத்தில் ஆயிரக்கணக்கில் முட்டைகள் வெளியேறுகின்றன. அந்த முட்டை கழுவாத கை, நீர், பச்சைக் காய் வழியாக இன்னொருவரின் வாய்க்குள் போனால் குடலில் பொரிந்து, சுவரைத் துளைத்து, இரத்தத்தில் ஏறி, மூளையில் போய்க் கட்டியாக அமர்கிறது. ஆகவே மூளைக்கட்டி வருவது பன்றிக்கறி தின்பதால் நேரடியாக அன்று. மனித மலத்திலிருந்து வந்த முட்டையை விழுங்குவதால். வாழ்நாளில் இறைச்சியே தொடாத சைவக் குடும்பத்தாருக்கும் இது வருவது இதனால்தான். கட்டி உயிரோடு இருக்கும்வரை பல ஆண்டுகள் மௌனமாக இருக்கலாம். அது சாகத் தொடங்கும்போது சுற்றியுள்ள மூளை வீங்குகிறது. அப்போதுதான் பெரும்பாலும் வலிப்பு.

வேலூரின் பங்கு

1980களில் இந்திய நகரங்களுக்கு சி.டி. ஸ்கேன் பரவியபோது ஒரு புதிர் தோன்றியது. முதல்முறை வலிப்பு வந்து ஸ்கேன் எடுத்தவர்களில் பலருக்கு மூளையில் ஒரே ஒரு சிறு வளையம் தெரிந்தது. காசநோய் மலிந்த நாடு என்பதால் அது காசநோய்க் கட்டி என்றே பெரும்பாலும் முடிவு கட்டினர். நோயாளிக்கு மாதக்கணக்கில் காசநோய் மாத்திரைகள். சில மாதத்தில் மறு ஸ்கேனில் வளையம் மறைந்திருக்கும். மாத்திரை வென்றது என்று எல்லாரும் நம்பினர். ஆனால் மாத்திரை சாப்பிடாதவர்களுக்கும் அது மறைந்தது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் நரம்பறுவைத் துறை 1949இல் ஜேக்கப் சாண்டி தொடங்கியது. நாட்டின் முதல் நரம்பறுவைத் துறை. அங்கு மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் உள்ளிட்டோர் இந்தச் சிறு வளையங்களை அறுவையில் எடுத்துத் திசு ஆய்வு செய்து பார்த்தனர். பெரும்பாலானவற்றில் இருந்தது சாகும் நிலையிலிருந்த நாடாப்புழுக் கட்டி. 1989இல் லான்செட் இதழில் இந்த முடிவு வெளிவந்தது. அதற்கடுத்த வேலை இன்னும் பெரியது: மண்டையைத் திறக்காமலே இதை எப்படி அடையாளம் காண்பது? கட்டி 20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், மூளையின் நடுக்கோடு விலகியிருக்கக் கூடாது, உடல்நிலை படிப்படியாக மோசமாகியிருக்கக் கூடாது என்பன போன்ற எளிய அளவுகோல்களை ராஜசேகரும் சாண்டியும் வகுத்தனர். அதன் பயனாகத் தேவையற்ற அறுவையும் தேவையற்ற காசநோய் மருந்தும் எத்தனையோ பேருக்குத் தவிர்ந்தன. ஒரு நோயாளிக்கு எதைச் செய்ய வேண்டாம் என்று சொல்லும் ஆய்வுகளுக்கு விழா எடுக்க யாரும் இல்லை.

2006இல் அதே குழு வேலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 50,000 பேரைக் கணக்கெடுத்த முடிவை வெளியிட்டது. ஆயிரத்துக்கு 3.83 பேருக்கு நடப்பில் வலிப்பு இருந்தது. அவர்களில் மூன்றிலொரு பங்கினருக்குக் காரணம் நாடாப்புழுக் கட்டி. அதாவது கழிப்பறையும் சோப்பும் சுத்தமான நீரும் தடுத்திருக்கக்கூடிய வலிப்பு.

பாக்டீரியாக்கள் மீண்டும்

ரீடின் கிருமி மறக்கப்பட்டு நூறாண்டு கழித்து, 2018 மே மாதத்தில், பாக்டீரியாக்கள் வேறு வேடத்தில் திரும்பின. லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எலைன் ஷாவோவின் குழு, கீட்டோஜெனிக் உணவு எப்படி வேலை செய்கிறது என்று எலிகளில் ஆராய்ந்தது. அந்த உணவைத் தின்ற எலிகளுக்கு வலிப்பைத் தூண்டுவது கடினமாயிற்று. ஆனால் பிறப்பிலிருந்தே கிருமியற்ற எலிகளுக்கும், ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களை அழித்த எலிகளுக்கும் உணவின் பயன் கிட்டவில்லை. அக்கர்மான்சியா, பாராபாக்டீராய்ட்ஸ் என்ற இரண்டு வகைகளையும் சேர்த்துக் குடலில் குடியேற்றியதும் பாதுகாப்பு திரும்பியது. ஒன்று மட்டும் போதவில்லை. மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில், நரம்பை அடக்கும் காபாவுக்கும் அதைத் தூண்டும் குளுட்டமேட்டுக்கும் உள்ள விகிதமும் மாறியிருந்தது.

ரீடின் கதையோடு வைத்துப் பார்த்தால் இதில் ஒரு தலைகீழ் மாற்றம் தெரியும். அவர் தேடியது வலிப்பை உண்டாக்கும் தீய கிருமியை. ஷாவோ குழு கண்டது வலிப்பைத் தடுக்க உதவும் நல்ல கிருமிகளை. காங்க்லின் தவறான காரணத்துக்காகக் குடலைக் கைகாட்டினார். நூறாண்டு கழித்துக் குடல் வேறொரு காரணத்தோடு வந்து நிற்கிறது.

மனிதரில் சான்று இன்னும் மெலிந்தே இருக்கிறது. மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ளவர்களின் குடல் பாக்டீரியாக்களின் கலவை மற்றவர்களுடையதிலிருந்து மாறுபடுவதைச் சீன ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். ஆனால் வலிப்பு மாத்திரையும், உணவும், நோயே கொண்டுவரும் முடக்கமும் அந்தக் கலவையை மாற்றக்கூடியவை. எது முன், எது பின் என்பது இத்தகைய ஆய்வுகளால் தீராது. 2018இல் ஸ்பெயினில் 45 நோயாளிகளுக்குப் புரோபயாட்டிக் கொடுத்துப் பார்த்ததில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்துக் குழு இல்லாத சிறு ஆய்வு அது. நாள்தோறும் நோயின் போக்கே ஏறி இறங்கும் ஒரு பிணியில் அந்தக் குறையைச் சிறிதென்று தள்ள முடியாது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி பழைய சோற்றை ஆராய எடுத்துக்கொண்டது குடல் அழற்சி நோய்களுக்காக. அதைக் காட்டி நீராகாரம் வலிப்பைத் தீர்க்கும் என்று சொல்பவர் ஆய்வைத் தாண்டிப் பேசுகிறார்.

இந்தப் பேச்சு வெறும் வீண்பேச்சாக நின்றுவிடுவதில்லை என்பதுதான் சிக்கல். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரும் நிலை வரலாம். அது உயிர்போகும் அவசரம். குரங்கணிக்கு மேலே உள்ள ஒரு குடியிருப்பில் அது நேர்ந்தால், மலையிறங்கிப் போடி மருத்துவமனைக்கு வருவதற்குள் ஆகும் நேரத்தை மூளை பொறுக்காது. முறையாக மருந்து எடுத்துக்கொண்டால் 70 விழுக்காடு வரையிலான நோயாளிகள் வலிப்பின்றி வாழ முடியும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. 1912 முதல் புழக்கத்தில் இருக்கும் ஃபீனோபார்பிட்டால் இன்றும் மிக மலிவான மருந்துகளில் ஒன்று.

புழுவின் கதையிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் கொடுக்கப்படுகிறது. மூளைக்கட்டிகளுக்குச் சிகிச்சையாக நாள்கணக்கில் கொடுக்கும் மருந்தும் அதுவே. தெரியாமல் கட்டி இருக்கும் ஒரு குழந்தைக்கு, மாத்திரை கட்டியைத் தாக்குவதால் சுற்றிலும் வீக்கம் ஏற்பட்டு, சில நாட்களில் தலைவலியோ வலிப்போ அரிதாக வரலாம். மூளைக்கட்டி என்று தெரிந்து சிகிச்சை அளிக்கும்போது மருத்துவர்கள் கூடவே ஸ்டீராய்டு தருவது இந்த வீக்கத்துக்காகத்தான். பள்ளியில் மாத்திரை தின்ற பிள்ளைக்கு வலிப்பு வந்தால் ஊர் மாத்திரையைத்தான் திட்டும். அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படுவது ஒரு ஸ்கேன். மலையில் அதற்கு வழியில்லை. எடுக்கச் சமவெளிக்கு இறங்கித்தான் ஆக வேண்டும்.